சாய்ஸ் லிஸ்ட்டை உன் கையால் எழுது, கண்ணு

2024 மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த மூன்றாவது நாள் காலையில் என் மாணவன் ஒருவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் நாற்பது பக்க நோட்டு. பிரவுசிங் சென்டர் அண்ணன் எழுதிக் கொடுத்தாராம், பொறியியல் கவுன்சிலிங்குக்கு அப்படியே போட்டுவிட்டால் போதுமாம். பிரித்துப் பார்த்தேன். 37 கல்லூரிகள், எல்லாவற்றுக்கும் நேரே கம்ப்யூட்டர் சயின்ஸ்.

"பன்னிரண்டாவதா இருக்கே, இந்தக் காலேஜ் எங்க இருக்கு?" என்று கேட்டேன். தெரியவில்லை. "சரி, இருபதாவது?" அதுவும் தெரியவில்லை. "முதல்ல இருக்கிறது ஏன் முதல்ல இருக்கு?" என்றேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம், "அண்ணன் போட்டாருங்க டீச்சர்" என்றான்.

அரூர் பக்கத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஒவ்வொரு வருஷமும் இதே காட்சியை வேறு வேறு பிள்ளைகளோடு பார்க்கிறேன். பன்னிரண்டு வருஷம் படித்துவிட்டு, அடுத்த நான்கு வருஷம் எங்கே போய் உட்காரப்போகிறோம் என்பதை மூன்று நாளில், யாரோ ஒருவர் கையெழுத்தில் முடிவு செய்கிறார்கள். ஒரு செல்போன் வாங்க இதைவிட அதிகமாக விசாரிக்கிறார்கள். அது பிள்ளைகளின் தப்பு இல்லை. விசாரிப்பது எப்படி என்று நாம் யாரும் அவர்களுக்குச் சொல்லித்தருவதில்லை.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வரக் காரணம் என் அண்ணன். 2001இல் அண்ணனுக்குக் கவுன்சிலிங். அப்போது நுழைவுத் தேர்வும் இருந்தது, கவுன்சிலிங்குக்கு நேரில் சென்னைக்குப் போக வேண்டும். அப்பாவும் அண்ணனும் ராத்திரி பஸ் பிடித்து அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். அப்பா அதற்கு முன் சென்னையைப் பார்த்ததே இல்லை. உள்ளே திரையில் கல்லூரிப் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்க, மேஜையில் உட்கார்ந்திருந்தவர் "சீக்கிரம் சொல்லுப்பா" என்றிருக்கிறார். அண்ணன் தனக்குத் தெரிந்த ஒரு பெயரைப் பார்த்து அதையே சொல்லிவிட்டார். வெளியே வந்து கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது, அது சேலம் பக்கத்துக் கல்லூரி இல்லை, ஏறக்குறைய அதே பெயரில் தெற்கே எங்கோ இருக்கிற இன்னொன்று. படித்தார், முடித்தார், இன்று நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் அப்பா திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து, அந்தக் கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது எல்லாம் ஆன்லைன். பொறியியல் நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து இல்லை, 2018இலிருந்து வீட்டிலிருந்தே விருப்பப் பட்டியல் போடலாம். ஆனாலும் ஒரே மாதிரிப் பெயர்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஒரு கடவுள் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெயரோடு தொடங்குகிற கல்லூரி எத்தனை மாவட்டத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதனால்தான் என் பிள்ளைகளிடம் கல்லூரிப் பெயரை நம்பாதே, கோடு நம்பரை நம்பு என்று சொல்வேன். கிண்டி பொறியியல் கல்லூரிக்கு 1, பிஎஸ்ஜி டெக்குக்கு 2006, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. நோட்டில் எழுதும்போது கோடு, பெயர், ஊர், மாவட்டம் நான்கும் இருக்க வேண்டும். ஊர் தெரியவில்லையா, பஸ் ரூட் தெரியவில்லையா, அந்த வரி பட்டியலில் இருக்கக் கூடாது.

சரி, விசாரிப்பது எப்படி. முதலில் காலம். இது மே மாதம் தொடங்குகிற வேலையே இல்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு தொடங்கிவிட வேண்டும், ஏனென்றால் டிசம்பர், ஜனவரியில்தான் கல்லூரிகள் ஓடிக்கொண்டிருக்கும். ஜூன் மாதம் போனால் காலிக் கட்டடத்தையும் அட்மிஷன் கவுண்ட்டரையும்தான் பார்ப்பீர்கள், இரண்டும் எல்லாக் கல்லூரியிலும் பளபளவென்றுதான் இருக்கும்.

மூன்று வருஷமாக ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, வர முடிகிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறேன். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவோம். ஒருமுறை சேலம் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. வாசலிலேயே வரவேற்று, டீ கொடுத்து, ஏசி போட்ட அரங்கில் உட்காரவைத்துப் படம் காட்டினார்கள். பிள்ளைகள் மயங்கிவிட்டார்கள், பொய் சொல்வானேன், நானும் கொஞ்சம் மயங்கினேன். பிறகு கம்ப்யூட்டர் லேபுக்கு அழைத்துப் போனார்கள். வரிசை வரிசையாக மானிட்டர், எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை. எங்கள் கூட வந்த பெண் ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காதவள், லேப் வாசலில் கட்டித் தொங்கவிட்டிருந்த வருகை நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் என் முந்தானையைப் பிடித்து இழுத்து மெதுவாகச் சொன்னாள், "டீச்சர், கடைசியா கையெழுத்து போட்டது செப்டம்பர்ல." நாங்கள் போனது ஜனவரி கடைசி.

எதிரே டீக்கடையில் மூன்றாம் வருஷ மாணவர்கள் நான்கு பேர் நின்றிருந்தார்கள். கேட்டோம். ஒரே செமஸ்டரில் கணக்கு சார் மூன்று பேர் மாறிவிட்டார்களாம். லேபைத் திறப்பதே யாராவது ஆய்வுக்கு வரும்போதுதானாம். ஒருவன், "எங்க தம்பிய இங்க சேர்க்கல அக்கா" என்றான். அதற்கு மேல் என்ன கேட்க இருக்கிறது?

அதே நாள் மத்தியானம் கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரிக்குப் போனோம். 1966இல் தொடங்கியது, கட்டடங்களைப் பார்த்தாலே வயசு தெரியும், எங்களுக்கு யாரும் டீ கொடுக்கவில்லை. ஆனால் ஒர்க்ஷாப்பில் ஒரு மாணவன் லேத்தில் வேலை செய்துகொண்டிருந்தான், முழங்கை வரை கிரீஸ். எங்களைக் கவனிக்கவே இல்லை, வேலையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். என் பையன்கள் தயங்கித் தயங்கி என்ன செய்கிறீர்கள் என்று கேட்க, அவன் இருபது நிமிஷம் நின்று விளக்கினான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த ஏசி அரங்கைப் பற்றி யாரும் பேசவில்லை, லேத்தைப் பற்றித்தான் பேச்சு. அரசுக் கல்லூரி எல்லாம் நல்லது, தனியார் எல்லாம் மோசம் என்று இதிலிருந்து நான் சொல்லவரவில்லை. அரசுக் கல்லூரியிலும் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும், தனியாரிலும் உயிரைக் கொடுத்துச் சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள். போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பெரும்பாலான வீடுகள் ஏமாறுகின்றன. நமக்குக் கல்லூரி பற்றிச் சொல்கிறவருக்கு, நாம் அங்கே சேர்வதால் ஏதாவது கிடைக்குமா என்று முதலில் யோசிக்க வேண்டும். கல்லூரி ஆள் பள்ளிக்கே வந்து பேசினால் அவருக்குக் கிடைக்கும். ஊரில் "நான் சீட் வாங்கித் தர்றேன்" என்று சொல்கிறவருக்குக் கிடைக்கும். பிரவுசிங் சென்டர் அண்ணனுக்கும் சில இடங்களில் கிடைக்கிறது. சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, எங்கள் தொழிலிலும் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் வருஷ மாணவனுக்கு எதுவும் கிடைக்காது. போன வருஷம் படிப்பை முடித்துவிட்டு ஓசூரில் வேலைக்குப் போகிற பக்கத்துத் தெரு அக்காவுக்கும் எதுவும் கிடைக்காது. அவர்களிடம் கேளுங்கள், ஒருவரிடம் மட்டும் கேட்காமல் மூன்று பேரிடம் கேளுங்கள்.

நர்சிங் படிக்க ஆசைப்பட்ட என் மாணவி வீட்டுக்கு ஒருவர் பழமும் ஸ்வீட் பாக்ஸுமாக வந்தார். வெளிமாநிலக் கல்லூரி, முதல் வருஷம் பணமே வேண்டாம், சீட் கன்ஃபார்ம் என்று சொல்லி, ஒரிஜினல் மார்க் ஷீட், டிசி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவள் அம்மா ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்தார். "வீட்டுக்கே வந்து மரியாதையா பேசினாங்க டீச்சர், எங்க வீட்டுக்கு அப்படி யாருமே வந்ததில்ல" என்றார். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. இந்திய நர்சிங் கவுன்சில் தன் இணையதளத்தில் வெளியிடுகிற பட்டியலில் தேடினோம், அந்தக் கல்லூரி இல்லை. சான்றிதழைத் திரும்ப வாங்க அவள் அப்பா வேலையை விட்டுவிட்டு இரண்டு முறை பஸ் ஏறினார், கையிலிருந்த ஐயாயிரமும் போனது. நம் ஊரில் பி.எஸ்சி நர்சிங் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கவுன்சிலிங்கில் கிடைக்கிறது, மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு அதற்கு விண்ணப்பம் வாங்குகிறது என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதனால் ஒன்றை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரிஜினலை எந்தக் கல்லூரியும் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி இதைத் தெளிவாக அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித்தர வேண்டும், விலகினால் கட்டணத்தையும் விதிப்படி திருப்ப வேண்டும். நன்கொடை வாங்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1992இலிருந்தே சட்டம் இருக்கிறது. சட்டம் இருப்பதால் எல்லாம் சரியாகிவிடாது, ஆனால் "சார், யுஜிசி விதிப்படி..." என்று ஒரு அப்பா பேச்சைத் தொடங்கினால் எதிரே இருப்பவரின் குரல் கொஞ்சம் இறங்கும், நானே பார்த்திருக்கிறேன்.

பேப்பரில் பார்க்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். நாக் என்பது கல்லூரி முழுவதற்கும் கொடுக்கிற தரம். என்பிஏ ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகக் கொடுப்பது. வாசலில் என்பிஏ என்று பெரிதாக எழுதியிருக்கும், மெக்கானிக்கலுக்கு மட்டும் இருக்கும், நீங்கள் சேரப்போகிற பிரிவுக்கு இருக்காது. இரண்டுக்குமே காலாவதித் தேதி உண்டு, அதையும் கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. அதை எடுத்து வரிசையாகப் பாருங்கள், ஒரு பருவத்தை மட்டும் பார்க்காமல் மூன்று நான்கு பருவங்களைச் சேர்த்துப் பாருங்கள். ஆனால் தன்னாட்சிக் கல்லூரியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்களே வினாத்தாள் போட்டு அவர்களே திருத்துகிறார்கள், இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பிளேஸ்மென்ட் பேனர் பற்றி ஒரு வார்த்தை. போன வருஷம் ஒரு கல்லூரிச் சுவரில் நான்கு கம்பெனி பேனர்கள் வரிசையாக மாட்டியிருந்தார்கள். எங்கள் பையன் ஒருவன் போட்டோக்களைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்த மூக்குத்தி போட்ட அக்கா நாலு பேனர்லயும் இருக்காங்க" என்றான். ஒரே பெண்ணுக்கு நான்கு ஆஃபர் வந்தால் கணக்கில் நான்கு வேலை. அதனால் எத்தனை ஆஃபர் என்று கேட்காதீர்கள். உங்கள் பிரிவில் போன வருஷம் கடைசி ஆண்டு படித்தவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே பதில்தான்.

எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்பதால் கல்லூரிகளும் சிவில், மெக்கானிக்கல் இடங்களைக் குறைத்துவிட்டுக் கம்ப்யூட்டர், செயற்கை நுண்ணறிவு என்று கூட்டிக்கொண்டே போகின்றன. நன்றாக நடக்கிற கல்லூரிகளுக்கு இருந்த இட உச்சவரம்பையும், பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கிற ஏஐசிடிஇ 2024-25இலிருந்து எடுத்துவிட்டது. இடம் இரண்டு மடங்கு ஆனால் ஆசிரியர்களும் இரண்டு மடங்கு ஆனார்களா? "இந்தப் பிரிவில் எத்தனை மேடம், சார் இருக்காங்க, எத்தனை வருஷமா இருக்காங்க" என்ற ஒரே கேள்வி போதும். எலெக்ட்ரிகலில், அதாவது இ.இ.இ.யில், உண்மையான ஆர்வம் இருக்கிற பிள்ளையை, பெயர் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் புதிதாக முளைத்த ஒரு பிரிவில் தள்ளிவிடுவது எனக்குச் சம்மதமே இல்லை.

பணம். இதைப் பற்றிப் பிள்ளைகள் முன்னால் பேசக் கூடாது என்று நினைக்கிற அப்பாக்கள் உண்டு. பேசுங்கள் அண்ணா, அவர்களுக்குத் தெரிய வேண்டும். கவுன்சிலிங் மூலம் தனியார் கல்லூரியில் சேர்ந்தால் அரசு நிர்ணயித்த கட்டணம்தான். 2017இல் அதை வருஷத்துக்கு 50,000 என்றும், தர அங்கீகாரம் உள்ள பிரிவுகளுக்கு 55,000 என்றும் வைத்தார்கள். ஆனால் பஸ், ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம், அது இதென்று சேரும்போது சில இடங்களில் படிப்புக் கட்டணத்தைவிட அதுவே பெரிதாகிவிடும். நான்கு வருஷத்துக்கும் சேர்த்து எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டத்துக்கும் கொண்டுவந்தார்கள். அதில் பொறியியல் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் தனிச் சலுகை. அந்தச் சான்றிதழை மே மாதம் இ-சேவை மையத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வாங்காதீர்கள், பிப்ரவரியிலேயே வாங்கிவிடுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாசம் ஆயிரம் ரூபாய். கலைக் கல்லூரியில் படிக்கிற பெண்ணுக்கு அந்த ஆயிரம்தான் பஸ் பாஸ், புத்தகம், சில வீடுகளில் மளிகையும்கூட. கடன் வேண்டுமென்றால் வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம், 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன், எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்வது இதில்தான்.

கட் ஆஃப் 200க்கு. கணக்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 78 என்றால் 92, 42, 39, ஆக 173. இந்த 173ஐ வைத்துக்கொண்டு பிள்ளைகள் செய்கிற முதல் தப்பு, தனக்குக் கிடைக்கும் என்று நினைப்பதை முதலில் எழுதுவது. "கிண்டிய முதல்ல போட்டா கிடைக்காது, இருக்கிற சீட்டும் போயிடும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அப்படி இல்லவே இல்லை. கம்ப்யூட்டர் தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கிறது. உன் முறை வரும்போது உன் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கிறது, உனக்கு இடம் இருக்கிற முதல் வரியில் நிற்கிறது, அதை உனக்குக் கொடுத்துவிடுகிறது. மேலே பத்து வரி கிடைக்காமல் போனாலும் பதினோராவது வரிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எத்தனை வேண்டுமானாலும் போடலாம், உச்சவரம்பு கிடையாது. ஆசைப்படுவதை மேலே போடு. அதற்குக் கீழே முந்தைய வருஷக் கட் ஆஃபைப் பார்த்து நடுவில் உள்ளவற்றைப் போடு, அது கவுன்சிலிங் தளத்திலேயே கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாக, சமூக வாரியாக இருக்கிறது. கடைசியில் நிச்சயம் கிடைக்கும் என்று தெரிந்ததில் நீ மனசார ஏற்றுக்கொள்ளக்கூடிய நான்கைந்தைப் போடு. பட்டியல் சின்னதாக இருந்தால்தான் ஆபத்து. எதுவும் ஒதுக்கப்படாமல் அடுத்த சுற்றுக்குப் போக நேரும், அங்கே நல்ல இடங்கள் குறைந்திருக்கும்.

இரண்டாவது தப்பு இதற்கு நேர் எதிரானது, அதை நானே செய்யவைத்தேன். 2023இல் ஒரு பையனுக்கு ஊருக்கு அருகிலேயே, அவனே போய்ப் பார்த்துப் பிடித்துப்போன கல்லூரி ஒதுக்கீடாக வந்தது, பட்டியலில் ஏழாவது. "ஏற்றுக்கொள்கிறேன், மேலே இருப்பது காலியானால் அதுவும் வேண்டும்" என்ற வாய்ப்பைக் கொடுக்கச் சொன்னேன். மேலே இருந்த ஆறும் பெரிய பெயர்கள், கிடைத்தால் லாபம்தானே என்று நினைத்தேன். நான்காவதாக இருந்தது காலியாகி அவனுக்கு வந்துவிட்டது. அப்படி வந்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பிக் கேட்க முடியாது. அந்த நான்காவது கல்லூரி முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, ஹாஸ்டல் கட்டணமே எழுபதாயிரம். அவன் எட்டாவது வரை உதவிபெறும் பள்ளியில் படித்தவன், 7.5இல் வரமாட்டான். அவன் அம்மா தனியாகத் தறி ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர். சங்கிலியை அடகு வைத்துத்தான் சேர்த்தார். அந்தக் கல்லூரியை எழுதும்போது அவன் அதைப் பற்றி எதுவும் விசாரித்திருக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பட்டியலில் ஒரு வரி இன்னொரு வரிக்கு மேலே இருந்தால், "இது கிடைச்சா அதை நிஜமாவே விட்டுடுவியா?" என்று ஒவ்வொரு ஜோடியாகக் கேட்கிறேன். இரண்டு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

பொறியியல் மட்டுமே உலகம் என்பது போல் எழுதிக்கொண்டே போகிறேன், எங்கள் ஊரில் வருகிற கேள்வி அதிகமும் அதுதான். ஆனால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பமே போடாத உயிரியல் பிள்ளைகளை நினைத்தால் வயிறு எரிகிறது. கணக்கில் உயிராக இருக்கிற பிள்ளைக்குச் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம் இருப்பது தெரிய வேண்டும். சேலம் அரசு கலைக் கல்லூரி 1857இலிருந்து இருக்கிறது, அங்கே மிகக் குறைந்த செலவில் ஒரு பட்டம் வாங்கிவிட்டு டிஎன்பிஎஸ்சி எழுதி இன்று தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற என் மாணவிக்கு யாரும் பேனர் கட்டவில்லை.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. "பக்கத்துலயே ஏதாவது பாருங்க டீச்சர்" என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஒரு முறை, ஒரே ஒரு முறை, பெண்ணோடு போய் அந்த ஹாஸ்டலைப் பாருங்கள். வார்டனிடம் பேசுங்கள், சமையலறையில் எட்டிப் பாருங்கள், அங்கே இருக்கிற நான்கு பெண்களிடம் கேளுங்கள். பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் சரி. பார்க்காமலே வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

அந்த 37 கல்லூரிப் பையன் என்ன ஆனான் என்று சொல்லவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "எழுதினதெல்லாம் இருக்கட்டும், பின்பக்கத்துல இருந்து புதுசா ஆரம்பி, ஒவ்வொண்ணுக்கும் நேர ஏன்னு ஒரு வரி எழுது" என்றேன். ஜூன் மாதம் முழுக்க அலைந்தான். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த சீனியர்கள் வீடு வீடாகப் போனான், தெரியாத நம்பருக்கெல்லாம் போன் போட்டான். ஜூலையில் 22 வரிகளோடு வந்தான். எட்டாவது வரிக்கு நேரே, "பஸ் 6.10க்கு இருக்கு, தினமும் வீட்டுக்கு வந்துடலாம், அம்மாவுக்கு மருந்து வாங்கிட்டு வரலாம்" என்று எழுதியிருந்தான். ஆறாவதற்கு நேரே, "இ.இ.இ. லேப் நல்லா இருக்குன்னு மூணு பேர் சொன்னாங்க, ஒருத்தர் சொல்லல." கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டே இடத்தில்தான் இருந்தது.

அவனுக்கு அந்த ஆறாவதுதான் 7.5 ஒதுக்கீட்டில் கிடைத்தது. இப்போது இரண்டாம் வருஷம். லீவுக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவான், அன்று பிளஸ் டூ பிள்ளைகள் நோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். போன வாரம் ஒரு பெண் அவன் கல்லூரியைத் தன் பட்டியலில் வைத்துக்கொண்டு அவனையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். லேடீஸ் ஹாஸ்டல் பற்றி அவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். தன் வகுப்புப் பெண்ணுக்கு அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். "ஞாயித்துக்கிழமை தண்ணி வராது, சனிக்கிழமையே ரெண்டு பக்கெட் பிடிச்சு வெச்சுக்கணும். மத்தபடி சாப்பாடு பரவால்ல, வார்டன் மேடம் ரொம்ப நல்லவங்க" என்றது அந்தக் குரல். இவள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.